தூம்பை அடைத்த கோடை

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தேன். திருக்கோகர்ணத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தேன். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்க வேண்டிய காலம். அந்தக் காலத்திலும் ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் கூடி, பள்ளிப் பெண்களுக்குக் கோடை முகாம் ஒன்று நடத்துவது என்று முடிவு செய்தார்கள். திருமயத்துப் பக்கம் வியாபாரக் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தமான தோட்டத்தில் பெரிய பங்களா காலியாகக் கிடந்தது. குடும்பத்தார் வெளியூரில் இருந்தார்கள். தோட்டத்தை முகாமுக்கு விட்டுக் கொடுத்தார்கள்.

திருச்சிக்குப் போய் முதலுதவி வகுப்பு படித்து வந்தவள் எங்கள் பள்ளியில் நான் ஒருத்திதான். அதனால் பிள்ளைகளின் ஆரோக்கியம் என் பொறுப்பு என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. எட்டிலிருந்து பதின்மூன்று வயதுவரை உள்ள பெண் குழந்தைகள், நாற்பது பேருக்கு மேல். காலையில் உடற்பயிற்சி, பிறகு பாட்டு, கைவேலை, வெயில் தாழ்ந்ததும் விளையாட்டு. வீட்டில் தம்பி தங்கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டே வளர்ந்த பெண்கள். ஓடி விளையாட ஒரு மாசம் கிடைத்தது அவர்களுக்கு.

நான் கண்டிப்பாக இருந்தேன். கொதித்து ஆறிய தண்ணீர் தவிர எதையும் வாயில் வைக்கக் கூடாது. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சோப்பு தீர்ந்துபோனதும் சாம்பல். மரத்தடியில் விழுந்து கிடக்கும் மாம்பழத்தைத் தொடக் கூடாது. கழிப்பிடக் குழிகளில் தினமும் சுண்ணாம்பு தூவச் செய்தேன். பிள்ளைகள் எனக்கு ‘வெந்நீர் டீச்சர்’ என்று பேர் வைத்தார்கள். நான் பக்கத்தில் வருவது தெரியாமல் அந்தப் பேரைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். நானும் கேட்காதது போல நடந்துபோவேன்.

தோட்டத்தில் நல்ல கிணறு. எந்தக் கோடைக்கும் வற்றாத தண்ணீர். மாடு கட்டிக் கமலையில் இறைப்பார்கள். தென்னைக்கும் மாவுக்கும் பாய்ந்தது போக மிச்சத் தண்ணீர், மதில் சுவரின் அடியில் இருந்த ஒரு தூம்பு வழியாக வெளியே போய்க் கல்தொட்டி ஒன்றில் விழும். சுவருக்கு அந்தப் பக்கம் தோட்ட வேலை செய்பவர்களின் குடிசைகள் இருந்தன. அவர்கள் கிணற்றில் கை வைக்கக் கூடாது என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. கிணற்றைத் தோண்டியதும், தூர் வாரியதும், அதில் மாடு ஓட்டி இறைத்ததும் அவர்கள்தான். குடிப்பதற்கு மட்டும் வெளியே தொட்டித் தண்ணீர். அதையும் மாடுகளோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இதைக் கேட்டு முதல் நாளே எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் அது ஓடுகிற தண்ணீர், சுத்தமான தண்ணீர்.

அந்தக் குடிசைகளிலிருந்து ஒரு பெண் முகாமுக்கு விறகு கொண்டுவந்து போடுவாள். முப்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டாள். அவள் கூடவே மகள் வருவாள், பத்து வயசுக்காரி, இடுப்பில் தம்பியைச் சுமந்துகொண்டு. எங்கள் பிள்ளைகள் உடற்பயிற்சி செய்யும்போது அந்தச் சிறுமி கேட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பாள். இரண்டு மூன்று நாளில் தம்பியைத் தரையில் உட்கார வைத்துவிட்டு அவளும் கையைத் தூக்கி இறக்க ஆரம்பித்தாள். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் தப்புத் தப்பாகச் செய்ததை அவள் சரியாகச் செய்தாள்.

முகாம் பாதி நடந்திருக்கும்போது செய்தி வந்தது. ஆவுடையார்கோவில் பக்கம் திருவிழாவுக்குப் போய்வந்தவர்களில் பலருக்கு வாந்திபேதி. காலரா என்று வெளிப்படையாகச் சொல்லவே ஜனங்கள் பயந்தார்கள். ‘அது’ வந்துவிட்டது என்றார்கள். அங்கிட்டு ஒரு ஊர், இங்கிட்டு ஒரு ஊர் என்று தினமும் ஒரு பேர் காதில் விழுந்தது.

முகாமின் காரியதரிசி ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர். கஞ்சி போட்ட கோட்டு, கையில் பிரம்பு. பெட்ரோல் கிடைக்காததால் கரிவாயுவில் ஓடும் ஒரு காரில் அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தவர், செய்தி வந்ததும் பங்களாவிலேயே தங்கிவிட்டார். கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். மறுநாளே காரில் போய், காலரா ஊசி போடுகிறவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போட்டார்கள். எனக்கும், சமையல்காரர்களுக்கும், காரியதரிசிக்கும் போட்டார்கள்.

“சுவத்துக்கு அந்தப் பக்கம் இருபது குடிசை இருக்கு. அவங்களுக்கு?” என்று ஊசி போட்டவரைக் கேட்டேன்.

அவர் பெட்டியை மூடிக்கொண்டே, “இருந்த மருந்து இவ்வளவுதாம்மா. அடுத்த தடவை வந்தா போடுறேன்” என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைகிற மனிதர். கண் எல்லாம் சிவந்து கிடந்தது.

என் கோபம் அன்று சாயங்காலம் ஆரம்பித்தது. கிணற்றடியில் ஏதோ சத்தம் கேட்டுப் போனேன். இரண்டு ஆட்கள் கல்லும் களிமண்ணும் வைத்துத் தூம்பை அடைத்துக்கொண்டிருந்தார்கள். காரியதரிசி பிரம்பை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

“எதுக்கு சார் அடைக்கிறீங்க?”

“பிள்ளைங்க ஆரோக்கியத்துக்குத்தான். தொட்டியில தண்ணி விழுந்தா கூட்டம் சேருது. சுவத்தை ஒட்டி வந்து நிக்கிறாங்க. நோய் வர்ற நேரத்துல அதெல்லாம் வச்சுக்கக் கூடாது. விறகுக்காரியும் இனிமே வெளியவே போட்டுட்டுப் போகட்டும். கேட்டுக்குப் பூட்டுப் போடச் சொல்லிட்டேன்.”

“கேட்டைப் பூட்டுங்க, வேண்டாம்னு சொல்லலை. தூம்பை எதுக்கு அடைக்கணும்? தண்ணி இங்கேருந்துதான் அங்க போகுது. அங்கேருந்து இங்க வரலையே!”

“ஈ வரும். காத்து வரும். உங்களுக்குத் தெரியாதும்மா.”

“தொட்டி இல்லைன்னா அவங்க எங்க போவாங்க?”

“ஊரணி இருக்குல்ல?”

ஊரணி இருந்தது. அந்தக் கோடையில் அது முழங்கால் அளவு கலங்கல் தண்ணீராக வற்றிப்போயிருந்தது. துணி துவைப்பதும் மாடு குளிப்பாட்டுவதும் அதில்தான். நோயாளியின் துணியை அலசினாலும் அதில்தான் அலச வேண்டும். முதலுதவி வகுப்பில் படித்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். காலரா காற்றில் வருவதில்லை, தண்ணீரில் வருகிறது என்றேன். நல்ல தண்ணீரை அடைத்துக் கெட்ட தண்ணீருக்குத் துரத்தினால் நோயை நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறோம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அவ அப்பாவுக்குப் பதில் சொல்றது நீங்களா, நானா?” என்றார். அதோடு பேச்சு முடிந்தது. களிமண்ணை ஆட்கள் கையால் தட்டித் தட்டிப் பூசினார்கள்.

அன்று எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது எழுதும்போதும் உணர்கிறேன். அந்த மனிதர் கெட்டவராக இருந்திருந்தால் இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. பிள்ளைகள்மேல் உண்மையிலேயே அக்கறை உள்ளவர். எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி இருமினால்கூட என்னை அழைத்து விசாரிப்பார். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் பிள்ளைகள்தான் என்பது மட்டும் அவர் மண்டையில் ஏறவே இல்லை.

சில நாட்கள் போயின. வெளியே பறைச் சத்தம் கேட்டது. பிள்ளைகள் கேட்டபோது திருவிழா என்று சமையல்காரர் பொய் சொன்னார். பெரிய பிள்ளைகள் நம்பவில்லை.

பிறகு ஒரு நாள் காலை, உடற்பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போது, கேட்டை யாரோ தட்டினார்கள். விறகு போடுகிற பெண். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

“டீச்சரம்மா! எம்புள்ளைக்கு விடியிறதுக்கு முன்ன புடிச்சு வாந்தியும் பேதியுமாப் போகுதும்மா. சின்னவனுக்கும் ஆரம்பிச்சிருச்சு. கண்ணு உள்ள போயிருச்சும்மா. மருந்து ஏதாச்சும் இருந்தாக் குடுங்கம்மா!”

நான் பதில் சொல்வதற்குள் காரியதரிசி வந்துவிட்டார். “கேட்டைத் தொடாதே! அங்கிட்டுப் போ, தள்ளிப் போ!” என்று கத்தினார். அவள் இரண்டு எட்டுப் பின்னால் போனாள். ஆனால் போய்விடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சார், காரைக் குடுங்க. ரெண்டு பிள்ளைகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம்.”

“கார் முகாம் பிள்ளைங்களுக்காக நிக்குது. இங்க யாருக்காவது வந்தா என்ன பண்ணுவீங்க? காலராக்காரங்களை ஏத்தின காரில் அப்புறம் நம்ம பிள்ளைங்களை ஏத்த முடியுமா?”

“அப்ப நான் போறேன்.”

“போனா திரும்பி உள்ள வர முடியாது. யோசிச்சுக்குங்க.”

அதில் ஒரு நியாயம் இருந்தது. நோயாளியைத் தொட்டவள் அப்படியே திரும்பிவந்து பிள்ளைகள் நடுவில் நிற்கக் கூடாதுதான். அவர் என்னை வெளியே நிறுத்தியதற்கு எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் கோபமில்லை. என்னோடு வந்திருந்த இன்னொரு ஆசிரியையிடம் தண்ணீர் கொதிக்க வைக்கிற வேலையைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஒப்படைத்தேன். உப்பும், கார்பாலிக் சோப்பும், ஒரு குடம் கொதித்த தண்ணீரும் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். எனக்குப் பின்னால் கேட்டைப் பூட்டினார்கள்.

அந்தக் குடிசைக்குள் குனிந்துதான் போக வேண்டும். சிறுமி சாக்கில் படுத்துக் கிடந்தாள். கையைத் தூக்கிப் பயிற்சி செய்தவள்தானா என்று சந்தேகமாக இருந்தது. முகம் அப்படிச் சுருங்கிப் போயிருந்தது. கால் சதை பிடித்து இழுத்தது, கத்தக்கூடக் குரல் இல்லை. காலராவில் உடம்பின் நீர் வற்றித்தான் சாகிறார்கள் என்று வகுப்பு எடுத்த டாக்டர் சொல்லியிருந்தார். தெரிந்தது அவ்வளவுதான். ஆறிய தண்ணீரில் உப்புப் போட்டு, கரண்டியால் வாயில் விட்டேன். வாந்தி எடுத்தாள். துடைத்துவிட்டு மறுபடியும் விட்டேன். மறுபடியும் எடுத்தாள். தாய் நொய்க் கஞ்சி காய்ச்சினாள். அந்தத் தெளிவிலும் உப்புப் போட்டுக் கொடுத்தோம்.

தம்பிக்கு ஒன்றரை வயது இருக்கும். நான் போகும்போதே அவன் அழுகை நின்றிருந்தது. அவன் வாயில் விட்டது கடைவாயில் வழிந்தது. மத்தியானத்துக்குள் தாயின் மடியிலேயே போய்விட்டான். அவள் கத்தவில்லை. குழந்தையை இறக்கி வைத்துவிட்டு, மகளுக்குக் கஞ்சி கொடுக்கிற கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

நான் வெளியே வந்தேன். இன்னும் மூன்று குடிசைகளில் நோயாளிகள் இருந்தார்கள். ஒரு பெரியவர் முந்தின நாளே இறந்திருந்தார். ஊரணித் தண்ணீர்ப் பானைகளையெல்லாம் கவிழ்க்கச் சொன்னேன். ஒருவர் கேட்டார்:

“கவுத்திட்டு எதைக் குடிக்கிறது டீச்சரம்மா?”

தொட்டி வெயிலில் காய்ந்து கிடந்தது. முகாமுக்காகக் கேட்டுக்கு வெளியே போட்டிருந்த விறகு அப்படியே கிடந்தது. உள்ளே இன்னும் சில நாளைக்கு விறகு இருப்பது எனக்குத் தெரியும். அதை எடுத்து வரச் சொல்லி அடுப்பு மூட்டி, ஊரணித் தண்ணீரையே துணியில் வடிகட்டிக் கொதிக்க வைத்தோம். விறகு போவதைப் பார்த்துக் காரியதரிசி மாடியிலிருந்து ஏதோ கத்தினார். நானும் பதிலுக்குக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பள்ளிக்கூட ஆசிரியை பேசுகிற பேச்சாக இருந்திருக்காது. குடிசைக்காரர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் சுவருக்கு உள்பக்கம், முகாம் பக்கம், டொக் டொக்கென்று சத்தம் கேட்டது.

முதலில் எனக்கு விளங்கவில்லை. தூம்பு இருந்த இடத்தில் களிமண் லேசாக அசைந்தது. ஒரு கட்டி உதிர்ந்து விழுந்தது. ஓட்டை வழியாக ஒரு கரண்டிக் காம்பு வெளியே நீட்டியது. பிறகு ஒரு கை, கண்ணாடி வளையல் போட்ட கை, கல்லைத் தள்ளியது.

“டீச்சர், தள்ளி நில்லுங்க! தண்ணி வருது!”

குரல் எனக்குத் தெரிந்தது. முகாமிலேயே பெரிய பெண், ஒரு பெரிய உத்தியோகஸ்தரின் மகள். படிப்பில் சுமார், வாய் அதிகம். என்னிடம் பலமுறை திட்டு வாங்கியவள். அவளும் மற்றப் பிள்ளைகளும் கிணற்றடியிலிருந்து சுவர்வரை வரிசையாக நின்று, ராட்டினத்தில் இறைத்த தண்ணீரை வாளி வாளியாகக் கை மாற்றிக் கொண்டுவந்து தூம்பில் ஊற்றினார்கள். தொட்டியில் முதலில் சேறாக விழுந்தது. குடிசைப் பெண்கள் ஓடிவந்து தொட்டியைத் தேய்த்துக் கழுவினார்கள். பிறகு தெளிந்த தண்ணீர் விழுந்தது.

காரியதரிசியின் பிரம்புச் சத்தமும் குரலும் சுவர் தாண்டிக் கேட்டன. “யாரைக் கேட்டு இதைச் செய்றீங்க? வாளியைக் கீழ வைங்க எல்லாரும்!”

அந்தப் பெண் சொன்னது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது. “டீச்சர் அன்னிக்கு உங்ககிட்ட சொன்னதை நாங்களும் கேட்டோம் சார். தண்ணி இங்கேருந்துதான் அங்க போகுது. அங்கேருந்து இங்க வராது.”

“உங்கப்பாவுக்குச் சொல்லி அனுப்பட்டுமா?”

“அனுப்புங்க சார். நானும் அப்பாகிட்ட சொல்றேன்.”

அவளுடைய அப்பா யார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பிறகு, “கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சந்தோஷப்படத்தான் தோன்றியிருக்க வேண்டும். மாறாகக் கோபம்தான் வந்தது. நான் காரணம் சொன்னபோது கேட்காதவர், ஒரு பெரிய மனிதரின் மகள் என்றதும் வாயை மூடிக்கொண்டார். ஒரு தாய் கேட்டில் நின்று கெஞ்சியபோது அசையாதவர் அவர். அன்று காலையிலேயே தண்ணீர் விட்டிருந்தால்கூட அந்தப் பையன் பிழைத்திருக்க மாட்டான். தூம்பை அடைக்காமலே இருந்திருந்தால் அவனுக்கு ஒன்றும் வந்திருக்காது.

மறுநாள் முதல் மாடு கட்டிக் கமலையே இறைத்தார்கள். யாரும் உத்தரவு போட்டதாகத் தெரியவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. நான் குடிசைகளுக்கு நடுவில் ஒரு வேப்பமரத்தடியில் தங்கினேன். சாப்பாட்டைச் சுவருக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார்கள். சிறுமிக்கு வாந்தி நின்று கஞ்சி உள்ளே தங்க ஆரம்பித்தது. ஒரு காலை அவள் ஈனக் குரலில் “பசிக்குது ஆத்தா” என்றாள். அவள் தாய் அப்போதுதான் உட்கார்ந்து அழுதாள். மகளுக்கா, போன மகனுக்கா என்று நான் கேட்கவில்லை. ஊசி போடுகிறவர் சொன்னபடி மருந்தோடு வந்து எல்லோருக்கும் போட்டார். அதற்கு முன் இன்னும் இரண்டு பேர் போய்விட்டார்கள்.

முகாம் முடிகிற நாளில் காரியதரிசி குடிசைகளுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். நிறைவு விழாவுக்கு வெளியூர்ப் பிரமுகர்கள் வருகிறார்களாம், விறகுக்காரி வந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகட்டும் என்று சொல்லி அனுப்பினார். பஞ்ச காலத்தில் ஒரு மூட்டை அரிசி சின்ன விஷயம் இல்லை. அவள் மூட்டையைப் பார்த்தாள்.

“அரிசியத் திருப்பி எடுத்துட்டுப் போங்க. இவுக எல்லாம் போனப்பறம் திரும்பியும் தூம்ப அடைக்காம இருக்கச் சொல்லுங்க. அது போதும்” என்றாள்.

கொண்டுவந்த ஆள் என்னைப் பார்த்தான், நான் ஏதாவது சொல்லி அவளைச் சமாதானம் செய்வேன் என்று. “அவங்க சொன்னதை அப்படியே போய்ச் சொல்லு” என்றேன். மற்றவர்கள் கூடிப் பேசி அரிசியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். பசிக்கிறவர்கள் வாங்கியது சரிதான். கும்பிடு போட யாரும் போகவில்லை.

எனக்கு அவள் நன்றி எதுவும் சொல்லவில்லை. நான் கிளம்பும்போது மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சாலைவரை வந்தாள். “வாரேன்” என்றேன். தலையை ஆட்டினாள். அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். பொறுப்பில் இருந்த பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனது தவறு என்றார்கள். பிள்ளைகளைத் தூண்டிவிட்டதாகவும் சொன்னார்கள். தூண்டிவிடவில்லை, தூண்டிவிட்டிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன் என்றேன். வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். முகாம்களுக்கு என்னைப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

யுத்தம் முடிந்து ஓரிரு வருஷம் கழித்து, புதுக்கோட்டை பஸ் நிலையத்தில் காரியதரிசியைப் பார்த்தேன். நன்றாகத் தளர்ந்திருந்தார். பிரம்பு இப்போது நிஜமாகவே ஊன்றுவதற்குத்தான். என்னை அடையாளம் கண்டு சிரித்தார்.

“சௌக்கியமாம்மா? அந்த முகாமை மறக்க முடியுமா! சுத்துப்பட்டெல்லாம் காலரா. நம்ம கிட்ட ஒரு பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே!”

“ஆச்சு சார்” என்றேன்.

அவர் முகத்தில் உண்மையான கவலை வந்தது. “அப்படியா? எனக்குத் தெரியாதே. யாருக்கு?”

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே நினைவில்லை. என் பஸ் புறப்படத் தயாராக இருந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்து, “வர்றீங்களா இல்லையாம்மா?” என்று இரண்டு தடவை கேட்டார். நான் வரவில்லை, பஸ் போகட்டும் என்று கையைக் காட்டினேன். அங்கேயே, அத்தனை ஜனங்களுக்கு நடுவில், களிமண் பூசிய சாயங்காலத்திலிருந்து ஆரம்பித்து அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒருமுறை நகரப் பார்த்தார். நான் விடவில்லை. அந்தப் பையன் தாயின் மடியில் போனதுவரை நின்று கேட்க வைத்தேன். எங்களைச் சுற்றி ஆட்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.